லாபம், இரண்டு, மூன்று

ஜனவரி 4, ஞாயிறு

"அன்னன்னைக்குப் படிச்சதை வீட்டுக்குப் போய் உங்க சொந்த வார்த்தையில எழுதிப் பாருங்க" என்று ஆக்னஸ் டீச்சர் சொன்னார். நகைக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துவிட்டேன். ஆனால் பாடத்தை எழுத உட்கார்ந்தால் மேகலாதான் முன்னால் வந்து நிற்கிறாள்.

நூலகத்து மாடியில், பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியவர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. அதை அவளிடம் சொன்னதே நான்தான். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் நான் சமையலர், அவள் உதவியாளர். போன மாதம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் வாயை விட்டேன். விண்ணப்பம் போட்டாளாம், அதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. இன்று மாடி ஏறிப் போனால், முதல் பெஞ்சில் புது ஜியோமெட்ரி பாக்ஸோடு உட்கார்ந்திருக்கிறாள். "பஞ்சக்கா, உங்களுக்கு இடம் போட்டு வச்சிருக்கேனுங்க" என்கிறாள். பஞ்சவர்ணம் என்ற என் பெயரை இந்த ஊரில் இப்படிச் சுருக்கிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

டீச்சர் எங்களுக்கு ஒரு வழி சொன்னார். தேற முப்பத்தைந்து மார்க் போதும். வடிவியல், முக்கோணவியல் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். சார்பு, தொடர்வரிசை, இயற்கணிதம், வரைபடம். இந்த நான்கையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் கரை சேரலாம்.

யார் யார் எத்தனை தடவை எழுதினீர்கள் என்று கேட்டார். நான் மூன்று தடவை. 18, 22, 27. மேகலா ஒரு தடவைகூட எழுதவில்லை. அவள் திருப்பூரில் பத்தாவது படித்தபோது, கணக்குப் பரீட்சையன்று காலையில் அப்பா இறந்துபோனாராம். மற்ற பாடங்களைக் கண் வீங்கியபடி எழுதித் தேறிவிட்டாள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் கொட்டினேன். ஆனால் மனதுக்குள் ஓடியது வேறு. எழுதாதவளுக்குத் தோல்வி ஏது?

இப்படி நினைத்ததை யாரிடமும் சொல்ல முடியாது. இதில் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 6, செவ்வாய்

128 பிள்ளைகள். சாம்பார் சாதம், முட்டை. இரண்டு முட்டை அழுகல்.

சத்துணவு அமைப்பாளர் தவமணி மேடம் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். பத்தாவது தேறிய சமையலருக்கோ உதவியாளருக்கோ அந்தப் பொறுப்பைக் கொடுப்பார்கள். இரண்டு பேர் தேறினால் சீனியர் நான்தான். எனக்குப் பதினோரு வருஷம், அவளுக்கு நாலு. ஆகவே மேகலா தேறினாலும் எனக்கு நஷ்டமில்லை. நான் தேறவேண்டும், அவ்வளவுதான்.

நான் தவறி அவள் மட்டும் தேறிவிட்டால்? அவள் அந்த நாற்காலியில் உட்காருவாள். நான் கரண்டியோடு வாசலில் நின்று "மேடம், பருப்பு எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். இதை நினைத்தபடி தாளித்ததில் கடுகு கருகிவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

நேரிய சார்பு. y = 2x + 3. x ஒன்று கூடினால் y இரண்டு கூடும். புள்ளிகளை வைத்துச் சேர்த்தால் நேர்கோடு வரும்.

நான் ஒன்பது புள்ளி வைத்தேன். அதில் ஒன்று தப்பு. அந்தப் புள்ளியையும் விடக்கூடாது என்று கோட்டை வளைத்துக் கொண்டுபோய்த் தொட்டேன். "என்னங்க, உங்க கோட்டுக்கு முதுகு வலியா?" என்று டீச்சர் கேட்டார். வகுப்பே சிரித்தது. மேகலா சிரிக்கவில்லை. அது அதைவிட எரிச்சல்.

அவள் இரண்டே புள்ளி வைத்தாள். மூன்றாவது ஒன்று சரிபார்க்க. ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. "ரெண்டு ரெண்டா ஏறுதுன்னா நேராத்தானுங்களே போகணும், எதுக்கு ஒம்பது?" என்றாள்.

சமையல் கூடத்தில் உலைக்குத் தண்ணீர் எப்படி வைப்பேன்? படிக்கு இரண்டு படி தண்ணீர். அதுக்கு மேல் அந்தப் பெரிய அண்டா குடிக்கிறதுக்கு மூன்று படி. அதாவது 2x + 3. இது எனக்குத் தோன்றியதும் கை காலெல்லாம் சிலிர்த்தது. டீச்சரிடம் அடுத்த வாரம் சொல்லவேண்டும். முதல் முறையாக எனக்கே எனக்கென்று ஒன்று.

ஜனவரி 18, ஞாயிறு

சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மேகலா எழுந்து, "டீச்சர், எங்க அக்கா உலை வைக்கிறதும் இந்தக் கணக்குத்தானுங்க" என்று ஆரம்பித்து, படி, தண்ணீர், அண்டா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். டீச்சர் கைதட்டினார். பலகையில் அண்டா படம்கூடப் போட்டார்.

உலை வைப்பது நான். கைதட்டு அவளுக்கு.

ஜனவரி 21, புதன்

பேசவில்லை. காய் மட்டும் நறுக்கினோம்.

ஜனவரி 25, ஞாயிறு

சார்புகளில் குடும்பங்கள் உண்டாம். நேரிய சார்பு, இருபடிச் சார்பு, முப்படிச் சார்பு, தலைகீழ்ச் சார்பு, மாறிலிச் சார்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முகச்சாயல், படத்தைப் பார்த்தாலே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்றார் டீச்சர்.

மாறிலிச் சார்பு எனக்கு உடனே பிடிபட்டது. எதைப் போட்டாலும் ஒரே விடை. எங்கள் வீட்டுக்காரர். சோறு வைக்கவா என்றாலும் "ம்". வீடு ஒழுகுகிறது என்றாலும் "ம்".

மத்தியானம் மேகலா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், வரைபடம் சொல்லித் தருகிறேன் என்று. நான் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, முதலில் மூலையில் அளவுத்திட்டம் எழுதணும், அதுக்கே ஒரு மார்க், அப்புறம் அட்டவணை, அப்புறம் புள்ளி என்று என் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். அவள் போனபின் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அந்தப் புள்ள கெட்டிக்காரி. என்னா தெளிவாச் சொல்லுது. நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்து வீணாப் போச்சு." மூன்று வாக்கியம். எண்ணிப் பார்த்துவிட்டேன். கல்யாணமான இருபது வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசியதில்லை.

தலைகீழ்ச் சார்பும் புரிந்துவிட்டது. ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு நான் ஜெயித்தேன்.

தொடர்வரிசை தொடங்கினோம். சூத்திரத்தைச் சொல்வதற்கு முன்னால் டீச்சர் ஒரு கேள்வி போட்டார். 5, 8, 11, 14... இப்படிப் போனால் இருபதாவது எண் என்ன? மேகலா கண்ணை மூடித் திறந்து "65" என்றாள். மும்மூன்றாக ஏறுகிறது, இருபது தடவை, அறுபது, முதலில் இருக்கிற ஐந்து. எல்லாரும் தலையாட்டினார்கள். நான் "62" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டீச்சர் திரும்பி, "யாரு? பஞ்சவர்ணமா? எழுந்து சொல்லுங்க" என்றார்.

முதல் எண்ணுக்கு எதுவும் கூட்டவில்லை. இரண்டாவதிலிருந்துதான் மூன்று கூடுகிறது. ஆகவே இருபதாவதுக்கு வரும்போது பத்தொன்பது தடவைதான் கூடியிருக்கும். ஐந்தும் ஐம்பத்தேழும் அறுபத்திரண்டு.

"அதைத்தான் a + (n − 1)d-ன்னு எழுதுறோம்" என்று டீச்சர் பலகையில் எழுதினார். எனக்குக் கைதட்டு.

எப்படித் தெரிந்தது என்று கேட்டார். சும்மா தோன்றியது என்றேன். அது பொய். எனக்குத் தெரிந்தது அரிசியால். கூடத்துத் தராசு கெட்டு இரண்டு வருஷமாகிறது, அதனால் படியால்தான் அளக்கிறோம். சாமான் அறைச் சாவி சமையலரிடம்தான் இருக்கும், அளக்கும்போது வேறு யாரும் உள்ளே வரக்கூடாது என்பது தவமணி மேடம் வைத்த சட்டம். எங்கள் பக்கத்தில் படி அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். மங்கலமாய்த் தொடங்கவேண்டும் என்று. லாபம், இரண்டு, மூன்று, நான்கு. சின்ன வயதிலிருந்து என் வாய் இப்படித்தான் எண்ணுகிறது. லாபம் என்பது இருப்பு. அதுக்கு மேல்தான் ஏற்றம். பத்துப் படி போட்டால் லாபத்துக்கு மேல் ஏறியது ஒன்பதுதான்.

மேகலா பாக்கெட் அரிசி வாங்கித் தின்று வளர்ந்தவள். அவளுக்கு இது தெரியாது.

உலைக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டாள். இதை விடமாட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

121 பிள்ளைகள். தக்காளி சாதம். அடுப்படியில் மேகலா கரித்துண்டால் தரையில் கோடு போட்டுக் காட்டினாள். சாய்வு கூடினால் கோடு எப்படி நிமிரும், குறைந்தால் எப்படிப் படுக்கும் என்று. நன்றாகத்தான் புரிந்தது. அவள் சொன்னதால் என்று இல்லை, டீச்சர் ஏற்கெனவே சொன்னதுதான்.

என் கோடு இப்போது வளைவதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்திக் கொடுத்தார்கள். நான் 37. மேகலா 36.

அவளுக்குச் சார்பிலும் வரைபடத்திலும் முழு மார்க். தொடர்வரிசையில் கோட்டை விட்டிருக்கிறாள். மூன்று கணக்கிலும் அதே தப்பு, ஒன்றைக் கழிக்காமல் விட்டது. "அவசரம் உங்களுக்கு. ஃபார்முலாவைப் பாத்து எழுதுங்க" என்றார் டீச்சர். இயற்கணிதம் கொஞ்சம் கைகொடுத்ததால் தப்பித்தாள்.

என்னுடைய 37-ல் வரைபடம் மட்டும் எட்டு. இதையும் எழுதிவைக்க வேண்டியதுதான்.

மார்ச் 10, செவ்வாய்

பாத்திரம் கழுவும் குழாயடியில் மேகலா கேட்டாள். "பஞ்சக்கா, அந்த n மைனஸ் ஒண்ணு எனக்கு மண்டையில நிக்கவே மாட்டேங்குதுங்க. எதுக்கு ஒண்ணைக் கழிக்கறோம்னு டீச்சர் சொல்றப்பப் புரியுது. பேப்பரைப் பார்த்தா மறந்துபோகுது. எனக்கு ஒரு விஷயம் கையில பட்டாத்தான் ஒட்டும். உங்களுக்கு மட்டும் எப்படிங்க தப்பாமயே வருது?"

சாமான் அறைச் சாவி என் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தடி நடந்து, கதவைத் திறந்து, படியை அவள் கையில் கொடுத்தால் போதும். ஐந்து நிமிஷம்.

"மனப்பாடம்தான். உருப்போட்டுக்க" என்றேன்.

"ரெண்டு பேரும் பாஸாயிரணுங்கக்கா. நீங்க மேடம், நான் உங்க எடத்துல சமையலர். அப்பறம் இந்தக் கூடத்துல நம்ம ராஜ்ஜியந்தான்" என்று சிரித்தாள்.

அண்டாவை நான் தேவைக்கு மேல் தேய்த்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

கடைசி வகுப்பு. மேகலா ஒரு தாளில் "n − 1, n − 1" என்று நூறு தடவை எழுதி வந்திருந்தாள். டீச்சர் அதை வாங்கிப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

18, 22, 27. என் பழைய மார்க்குகளைத் தொடர்வரிசையாக எழுதிப் பார்த்தேன். நாலு கூடி, ஐந்து கூடி. கூட்டுத் தொடர்வரிசை இல்லை. இதே போக்கில் போனால் அடுத்தது ஆறு கூடி 33. அதுவும் தோல்விதான். தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பரீட்சை முடிந்தது.

வரைபடத்துக்கு நேர் மாறுபாடு வந்தது. அளவுத்திட்டம், அட்டவணை, புள்ளி, ஸ்கேல், ஒரே இழுப்பு. போடும்போது என் காதில் கேட்டது மேகலாவின் குரல். எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் வினாத்தாளை மடியில் விரித்தாள். தோப்பில் முதல் வரிசையில் 7 கன்று, ஒவ்வொரு வரிசையிலும் 4 கூடுதல், இருபத்தைந்தாவது வரிசையில் எத்தனை, அதை வைத்து மொத்தம் எத்தனை. "107 வந்துச்சுங்க. சரிதானுங்களே?" என்றாள். n மைனஸ் ஒண்ணு ஞாபகம் வந்ததாம், ஆனால் கழிப்பது எந்தக் கணக்குக்கு என்று குழம்பிவிட்டதாம். நேரமும் போய்க்கொண்டிருந்தது.

103. எனக்குத் தெரியும்.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 8, புதன்

115 பிள்ளைகள். புளிசாதம்.

மே 20, புதன்

எனக்கு 39.

மேகலாவுக்கு 33.

மே 21, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வீட்டுக்காரர் கடையிலிருந்து லட்டு வாங்கிவந்தார். "பரவால்லையே" என்றார். பதினாறு வயதில் வரவேண்டிய பாஸ் முப்பத்தொன்பது வயதில் வந்தது, மார்க்கும் அதே முப்பத்தொன்பது. சிரித்தேன், கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

முப்பத்தொன்பதில் வரைபடத்தின் எட்டைக் கழித்தால் முப்பத்தொன்று. கழித்துப் பார்க்கவேண்டாம் என்று எத்தனையோ தடவை கையை இழுத்துக்கொண்டேன். 33 என் வரிசையில் எனக்கு வரவேண்டிய எண். அது அவளிடம் போய்விட்டது. இரண்டு மார்க். ஒரே ஒரு தோப்புக் கணக்கு.

சாயங்காலம் மேகலா வந்தாள். அழுத மாதிரி தெரியவில்லை. மல்லிகைப்பூ நாலு முழம் வாங்கிவந்து என் தலையில் அவளே வைத்துவிட்டாள். "எனக்கென்னங்க, ஜூலையில மறுபடி எழுதிக்கலாம். நீங்க மொதல்ல சேர்ல உக்காருங்கக்கா, நான் கண்ணாரப் பாக்கணும்" என்றாள். பொறாமை அவள் முகத்தில் எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று உற்று உற்றுப் பார்த்தேன். கொஞ்சம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாய் இருந்திருக்கும்.

ஜூன் 1, திங்கள்

பள்ளி திறந்தது. ஆணை வரும்வரை தற்காலிகப் பொறுப்பு எனக்கு. தவமணி மேடம் பதிவேடுகளை ஒப்படைத்துவிட்டுப் போனார். நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தேன்.

ஜூன் 3, புதன்

இன்றிலிருந்து சமையல் பொறுப்பு மேகலாவிடம். சட்டப்படி சாமான் அறைச் சாவியை அவளிடம் கொடுத்தேன். முதல் நாள் என்பதால் அறை வாசலில் நின்றேன்.

படியை மூட்டைக்குள் விட்டு, கோபுரமாய் அள்ளி, விரலால் வழித்து, அண்டாவில் கொட்டினாள். "ஒண்ணு" என்றாள்.

நான் யோசிக்கவில்லை. பதினோரு வருஷத்துப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. "ஒண்ணுன்னு சொல்லக் கூடாது புள்ள. மொதப் படிக்கு லாபம்னுதான் சொல்லணும்."

"அப்படிங்களா? அப்பறம்?"

"அப்புறம் ரெண்டு."

அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. "லாபம்" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த படியைக் கொட்டி "ரெண்டு" என்றாள். அடுத்தது "மூணு". நாலாவது படியை அள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். படியில் அரிசி நிறைந்திருந்தது. கொட்டவில்லை.

"அப்ப பத்தாவது படி போடறப்ப..." என்றாள். "லாபத்துக்கு மேல ஒம்பதுதானுங்களே ஏறியிருக்கும்."



"n மைனஸ் ஒண்ணு" என்றாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கெட்டிக்காரி. அவள் தாளில் நூறு தடவை எழுதியும் ஒட்டாதது மூன்று படி அரிசியில் ஒட்டிவிட்டது. கையில் பட்டால்தான் ஒட்டும் என்று அவள்தான் சொன்னாளே. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நான் அத்தனை மாதமும் வெந்தேன். அதே வேகத்தில் அவள் அடுத்த படிக்கும் போய்விட்டாள்.

"நீங்க தெனம் இப்படித்தான் அளந்தீங்களாக்கா?"

"ஆமா."

"அன்னைக்குக் குழாயடியில நான் கேட்டப்ப மனப்பாடம்னு சொன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

"பஸ்ஸுல 107-னு சொன்னேன்."

"தப்புன்னு அப்பவே எனக்குத் தெரியும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு வேறொன்றும் சொல்ல வரவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டு, கையிலிருந்த அரிசியைக் கொட்டினாள்.

"நாலு" என்றாள்.

பத்துவரை எண்ணினாள். ஒரு படிகூடத் தப்பவில்லை. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 4, வியாழன்

132 பிள்ளைகள். கலவை சாதம், சுண்டல்.

காலையில் போகும்போது வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். ஜூலைப் பரீட்சைக்கு நான் உன்கூட உட்காருகிறேன், எல்லாத் தொடர்வரிசைக் கணக்கையும் படி வைத்தே போட்டுப் பார்ப்போம் என்று சொல்லவேண்டும். மன்னிச்சுக்க என்று எங்கே சேர்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன். பஞ்சக்கா என்று குரல் வரும், உடனே சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

மேகலா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மேடம், பருப்பு எவ்வளவுங்க?" என்றாள்.